எந்த ஃபிரேம்வொர்க்கை நம்பி இறங்கலாம்? ஒப்பீடும் விமர்சனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத் தளங்கள் கட்டும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஃபிரேம்வொர்க் என்றால், தளம் கட்டத் தேவையான அடிப்படைப் பகுதிகளை முன்கூட்டியே எழுதித் தரும் மென்பொருள். பாதிக் கேள்விகள் "இது நல்லதா, அது நல்லதா" என்பவை. மீதிப் பாதி, "ஆன்லைனில் இதை இப்படித் திட்டுகிறார்களே, உண்மையா?" என்பவை. இரண்டையும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு ஃபிரேம்வொர்க்கை எடைபோடும்போது அதன் வேகத்தையும் வசதியையும் பார்ப்பதோடு, யாராவது குறை சொன்னபோது அதை நடத்துகிறவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் நான் பார்க்கிறேன். ஐந்து வருடம் நம் வேலை அவர்கள் கையில்தான் இருக்கப்போகிறது.

இருப்பதிலேயே சிறந்த ஃபிரேம்வொர்க் எது?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஜாங்கோ, ரூபி ஆன் ரெயில்ஸ், லாராவெல் எல்லாம் சர்வரில் ஓடுபவை. டேட்டாபேஸோடு பேசி, பக்கத்தைத் தயாரித்து அனுப்புபவை. ரியாக்ட், வியூ, ஆங்குலர், ஸ்வெல்ட் எல்லாம் பிரவுசரில் திரையைக் கையாளப் பிறந்தவை. நெக்ஸ்ட் மாதிரி நடுவில் நிற்பவையும் உண்டு, ரியாக்டை சர்வரிலும் ஓட்டுபவை. ஆனாலும் "ஜாங்கோ கற்கலாமா, ரியாக்ட் கற்கலாமா" என்று கேட்பது அரிசி வாங்கலாமா அடுப்பு வாங்கலாமா என்று கேட்பது மாதிரிதான்.

ஒரே வகைக்குள் ஒப்பிடும்போது, அது எங்கே பிறந்தது என்று முதலில் பாருங்கள். ஜாங்கோ 2003இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் உருவானது. ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும் அங்கே நிருபர்களுக்காகத் தளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். செய்தியை உள்ளிட ஒரு திரை உடனே வேண்டும், டெட்லைன் மாலைக்குள். ஜாங்கோவில் அட்மின் பக்கம் ஏன் தானாகவே வருகிறது என்பதற்கு விடை அதில் இருக்கிறது. ரெயில்ஸ், பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மைச் செயலியிலிருந்து டேவிட் ஹைன்மையர் ஹான்ஸன் பிரித்தெடுத்து 2004இல் வெளியிட்டது. சின்னக் குழு சீக்கிரமாக ஒரு முழுச் செயலியை நிறுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். ரியாக்ட் ஃபேஸ்புக்குக்குள் பிறந்தது. ஆயிரம் இடத்தில் மாறிக்கொண்டே இருக்கும் திரையைக் குழப்பமில்லாமல் புதுப்பிப்பதுதான் அங்கே இருந்த தலைவலி.

உங்கள் வேலை இவற்றில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அந்த ஃபிரேம்வொர்க் உங்களுக்கு இயல்பாக வளையும். கட்டுரைகளும் படிவங்களும் நிறைந்த தளத்துக்கு நான் யோசிக்காமல் ஜாங்கோவை எடுப்பேன். அதே தளத்தை முழுக்க முழுக்க ரியாக்டில் கட்டச் சொன்னால், முதலில் ஏன் என்று கேட்பேன்.

வேகப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டால் போதாதா?

அந்தப் பட்டியல்கள் பொய்யில்லை. எதை அளக்கின்றன என்று மட்டும் படியுங்கள். பிரவுசர் பக்கம் பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஒரு சோதனை, ஆயிரம் வரிசை கொண்ட அட்டவணையை உருவாக்குவது, ஒவ்வொரு பத்தாவது வரிசையையும் மாற்றுவது, இரண்டு வரிசைகளை இடம் மாற்றுவது, பத்தாயிரம் வரிசைகளை நிரப்புவது என்று அளக்கிறது. உங்கள் செயலியில் பத்தாயிரம் வரிசை அட்டவணை இருக்கிறதா? இருந்தால் அந்த எண்கள் உங்களுக்கு முக்கியம். இல்லையென்றால் இல்லை. சர்வர் பக்கம் 2013இல் தொடங்கிய டெக்எம்பவர் சோதனைகளில் ஒன்று "ஹலோ வேர்ல்டு" என்ற வெறும் வரியை ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அனுப்ப முடியும் என்று அளப்பது. அந்த வரியை மட்டும் அனுப்பும் தளத்தை யாரும் கட்டுவதில்லை.

நான் பார்த்த மெதுவான தளங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஃபிரேம்வொர்க் இல்லை, டேட்டாபேஸை நாம் கேட்ட விதம். ஒரு நூலகத் தளத்தில் ஐம்பது புத்தகங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆசிரியர் பெயரைக் காட்டுகிறீர்கள் என்று வையுங்கள். புத்தகங்களைக் கேட்க ஒரு கேள்வி போகிறது. அப்புறம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் "இதன் ஆசிரியர் யார்" என்று தனித்தனியாக ஐம்பது கேள்வி. மொத்தம் 51. எழுதும்போது கண்ணுக்கே தெரியாது, கோடு (நிரல்) அவ்வளவு அழகாக ஒரே வரியில் இருக்கும். ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட், ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ், லாராவெலில் வித் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்த 51 ஒன்றாகவோ இரண்டாகவோ சுருங்கிவிடும். இதைச் சரிசெய்யாமல் வேகமான ஃபிரேம்வொர்க்குக்கு மாறினால், அங்கேயும் அதே 51 கேள்விகள்தான் போகும்.

"ரெயில்ஸ் கூட்டம் தாங்காது, ட்விட்டரே கைவிட்டது" என்கிறார்களே?

நடந்தது உண்மை. 2006இல் ட்விட்டர் ரெயில்ஸில்தான் தொடங்கியது. கூட்டம் ஏறியபோது அடிக்கடி படுத்தது. பறவைகள் ஒரு திமிங்கிலத்தைத் தூக்கிச் செல்லும் படம் பிழைப் பக்கத்தில் வரும், அந்தக் காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். பின்னணியில் வரிசையாகச் செய்திகளைக் கடத்தும் பகுதியை ஸ்காலா என்ற நிரல்மொழிக்கு மாற்றினார்கள். 2011இல் தேடலின் முன்பகுதியை ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள்.

இதிலிருந்து "ரெயில்ஸ் தாங்காது" என்று முடிவுகட்டுவது அவசரம். ஒருவர் எழுதிய வரியை அவரைப் பின்தொடரும் லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தக் கணமே சேர்ப்பது ஒரு தனி வகைப் பிரச்சினை. அது அஞ்சல் அலுவலக வேலை, கடை நடத்தும் வேலை இல்லை. கடை நடத்தும் வேலையை ரெயில்ஸ் தாங்குமா என்றால், ஆன்லைன் கடைகளை நடத்தும் ஷாப்பிஃபையும், டெவலப்பர்கள் கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப்பும் ரெயில்ஸில் வளர்ந்தவைதான். ஜாங்கோ பக்கம் இன்ஸ்டாகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு வாங்கியபோது அங்கே வேலை பார்த்தவர்கள் 13 பேர், பயனர்கள் சுமார் 3 கோடி.

உங்கள் தளத்துக்கு முதல் வருடம் எத்தனை பேர் வருவார்கள் என்று நேர்மையாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் இந்தக் கவலையை மூட்டைகட்டி வைத்துவிடலாம்.

ஆன்லைனில் வரும் விமர்சனத்தில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

சொல்பவர் அதை வைத்து எதையாவது கட்டியிருக்கிறாரா என்று பார்ப்பேன். "குப்பை" என்ற சொல்லில் எனக்கு ஒன்றும் கிடைக்காது. "இரண்டு டேட்டாபேஸ்களை ஒரே செயலியில் வைத்துக்கொள்ள வழியில்லை" என்ற வாக்கியத்தில் ஒரு வேலை கிடைக்கும்.

இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சும்மா எடுக்கவில்லை. 2008 செப்டம்பரில் ஜாங்கோக்காரர்கள் தங்கள் முதல் மாநாட்டை நடத்தினார்கள். படங்கள் பகிரும் தளமான ஃப்ளிக்கரில் வேலை பார்த்த கேல் ஹென்டர்சனை அழைத்துப் பேசச் சொன்னார்கள். அவர் ஜாங்கோக்காரர் இல்லை. அவர் பேச்சின் தலைப்பு "ஜாங்கோவை நான் ஏன் வெறுக்கிறேன்". சொந்த வீட்டு விசேஷத்துக்குக் குறை சொல்பவரை அழைத்து நடு மேடையில் நிறுத்திய மாதிரி. பெரிய தளம் நடத்தும் ஒருவருக்கு ஜாங்கோவில் என்னென்ன கிடைக்காது என்று அவர் அடுக்கினார், பல டேட்டாபேஸ் வசதி இல்லாததும் அதில் ஒன்று. 2010 மே மாதம் வந்த 1.2 வெர்ஷனில் அந்த வசதி இருந்தது.

அதற்கு முன்னும் அப்படித்தான். ஆரம்ப ஜாங்கோவில் மந்திரம் மாதிரி தானாக நடக்கும் விஷயங்கள் அதிகம், எங்கிருந்து எது வருகிறது என்று புரியாது என்ற புகார் இருந்தது. 2006இல் அதற்கென்றே கோடில் ஒரு கிளை (தனிப் பிரதி) எடுத்து, "மந்திர நீக்கம்" என்றே பெயர் வைத்து, 0.95 வெர்ஷனில் சேர்த்தார்கள். டேட்டாபேஸ் அட்டவணையை மாற்றும் மைக்ரேஷன் வசதி இல்லை என்ற புகார் மட்டும் நீண்ட நாள் இழுத்தது. சவுத் என்ற தனிப் பொதியை (கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருளை) எழுதிய ஆண்ட்ரூ காட்வின் 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி அதை ஜாங்கோவுக்குள்ளேயே கட்டினார், 2014இல் 1.7 வெர்ஷனில் வந்தது. தாமதம்தான், மறுக்கவில்லை. ஆனால் வந்தது. இந்த மூன்றும்தான் நான் இன்றும் ஜாங்கோவை நம்புவதற்குப் பெரிய காரணம்.

பாதுகாப்பு ஓட்டை பற்றிய புகாரையும் இப்படிப் பொறுமையாக எடைபோடலாமா?

கூடாது. அதை அன்றைக்கே பார்க்க வேண்டும். 2012 மார்ச்சில் ரெயில்ஸில் நடந்ததை ஒவ்வொரு டெவலப்பரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்போதைய ரெயில்ஸில் ஒரு படிவத்திலிருந்து வரும் எல்லாப் புலங்களையும் அப்படியே டேட்டாபேஸ் பதிவுக்குள் ஊற்றும் வழக்கம் இருந்தது. வசதிதான். ஆனால் நீங்கள் படிவத்தில் வைக்காத ஒரு புலத்தை யாராவது பிரவுசரில் தாங்களே சேர்த்து அனுப்பினாலும் உள்ளே போய்விடும். எதை அனுமதிப்பது என்று டெவலப்பர் முன்கூட்டியே வரையறுக்க வழி இருந்தது. ஆனால் அதைச் செய்யாவிட்டால் கதவு திறந்தே இருக்கும். ஈகோர் ஹோமகோவ் என்ற இளைஞர் இதைப் பற்றி ரெயில்ஸ் குழுவிடம் முறையிட்டார். அது டெவலப்பரின் பொறுப்பு என்று முறையீடு மூடப்பட்டது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ரெயில்ஸின் கோடு இருந்ததே கிட்ஹப்பில், கிட்ஹப் ஓடியதே ரெயில்ஸில். அங்கே தன் சாவியை (கோடை மாற்ற அனுமதி தரும் அடையாளத்தை) பதிவுசெய்யும் படிவத்தில் "இந்தச் சாவி யாருடையது" என்ற புலத்தைத் தானே சேர்த்து, ரெயில்ஸ் குழுவில் இருக்கும் ஒருவரின் பயனர் எண்ணைப் போட்டார். உள்ளே போயிற்று. ரெயில்ஸின் கோடு இருக்கும் சொந்தக் களஞ்சியத்திலேயே ஒரு கோப்பைச் சேர்த்துக் காட்டினார். கிட்ஹப் முதலில் அவர் கணக்கை நிறுத்தியது, பிறகு திரும்பத் தந்தது. அதே மாதக் கடைசியில் வந்த 3.2.3இல் புதுச் செயலிகளில் கதவு மூடியே தொடங்கும்படி இயல்புநிலை மாற்றப்பட்டது. 2013இல் ரெயில்ஸ் 4 வந்தபோது, எந்தப் புலங்களை அனுமதிக்கிறோம் என்று எழுதியே தீர வேண்டும் என்றாகிவிட்டது.

அவர் செய்த வழி சரியா என்று இன்றும் வாதிடுபவர்கள் உண்டு. அடுத்தவர் கணக்கைத் தொட்டது தவறு என்பது என் எண்ணம். ஆனால் முறையீட்டை மூடியவர்கள் பக்கம் இருந்த தவறு அதைவிடப் பெரியது. "பயன்படுத்துபவர் கவனமாக இருக்க வேண்டும்" என்ற பதில், கிட்ஹப் அளவுக்குத் திறமைசாலிகள் இருந்த இடத்திலேயே செல்லுபடியாகவில்லை.

பெரிய மாற்றம் அறிவித்தவுடன் கலவரமாகிறதே, வியூவில் நடந்தது என்ன?

2019 ஜூனில் வியூவின் அடுத்த பெரிய வெர்ஷனுக்காக ஃபங்ஷன்களை அடிப்படையாகக் கொண்ட ஒரு புது எழுதும் முறையை முன்மொழிந்தார்கள். முன்மொழிவுதான், முடிவு இல்லை. ஆனால் பழைய முறை நாளைக்குக் காணாமல் போய்விடும் என்று படிக்கும்படி அதில் வாசகங்கள் இருந்தன. இரண்டு மூன்று வருடம் வியூவில் செயலி கட்டிவைத்திருந்தவர்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. வியூவின் கருப்பு நாள் என்றே எழுதினார்கள். இது ரியாக்டில் இருக்கும் ஹூக்ஸ் என்ற எழுதும் முறையை அப்படியே எடுத்துக்கொண்டது என்றும் திட்டினார்கள்.

வியூவைத் தொடங்கிய இவான் யூ அந்தக் கோபத்தைப் பிரித்துப் பார்த்தார். புது முறையின் மேல் இருந்த கோபத்தைவிட, பழையது பறிபோகும் என்ற பயம்தான் அதிகம் என்று தெரிந்தது. முன்மொழிவைத் திருத்தி எழுதினார்கள். பழைய முறை இருக்கும், புதியது கூடுதலாக வரும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று தெளிவாக்கினார்கள். பெயரையும் கம்போசிஷன் ஏபிஐ என்று மாற்றினார்கள். வியூ 2இலேயே முயன்று பார்க்கத் தனியாக ஒரு பிளகின் விட்டார்கள். 2020 செப்டம்பரில் வியூ 3 வந்தபோது இரண்டு முறைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இன்றும் இருக்கின்றன.

அடிப்படை யோசனையை அவர்கள் கைவிடவில்லை. வாபஸ் வாங்கவும் இல்லை, வீம்பு பிடிக்கவும் இல்லை.

ஆங்குலரில் அப்படி நடக்கவில்லையா?

இல்லை, அதுதான் வருத்தம். 2014 அக்டோபரில் பாரிஸில் நடந்த மாநாட்டில், ஆங்குலர் 2 பழையதோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கும் என்று அறிவித்தார்கள். பழைய செயலியை எப்படிப் புதியதற்குக் கொண்டுவருவது என்பதற்கு அன்றைக்கு வழி சொல்லவில்லை. இரண்டையும் ஒரே செயலியில் சேர்த்து ஓட்டும் வசதி பிறகு வந்தது. 2016 செப்டம்பரில்தான் ஆங்குலர் 2 முழுமையாக வெளியானது. நடுவில் இருந்த இரண்டு வருடம் கம்பெனிகள் புதுத் திட்டத்தைப் பழையதில் தொடங்கவும் முடியாமல், புதியதில் தொடங்கவும் முடியாமல் நின்றன. அந்த இடைவெளியில் பலர் ரியாக்டுக்கும் வியூவுக்கும் போனார்கள். பழைய ஆங்குலருக்கு 2021 டிசம்பர் 31 வரை ஆதரவு தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அது மரியாதையான வழியனுப்புதல்தான்.

இன்றைய ஆங்குலர் வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன், மேம்படுத்தலைப் பெருமளவு தானாகச் செய்யும் கருவி என்று ஒழுங்காக இருக்கிறது. பழைய கோபத்தை வைத்து இன்றைய ஆங்குலரை ஒதுக்க வேண்டியதில்லை.

ரியாக்டின் லைசென்ஸ் பிரச்சினை என்று ஏதோ சொல்கிறார்களே?

அது முடிந்த கதை. ரியாக்டின் லைசென்ஸோடு காப்புரிமை பற்றி ஒரு கூடுதல் நிபந்தனை இருந்தது. ஃபேஸ்புக் மேல் காப்புரிமை வழக்குப் போட்டால், அந்த நிபந்தனை தரும் காப்புரிமைப் பாதுகாப்பு உங்களுக்குப் போய்விடும். 2017 ஜூலையில், பல திறமூல மென்பொருள்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஆகஸ்டில் ஃபேஸ்புக் மாற்ற மாட்டோம் என்று விளக்கம் தந்தது. செப்டம்பர் நடுவில் வேர்ட்பிரஸ் தரப்பில் மாட் முல்லன்வெக் ரியாக்டை விட்டு விலகப்போவதாக எழுதினார். அடுத்த வாரமே அந்த நிபந்தனை இல்லாத எம்ஐடி லைசென்ஸுக்கு மாற்றுவதாக அறிவிப்பு வந்தது, ரியாக்ட் 16 அந்த லைசென்ஸிலேயே வெளியானது. இன்று அந்தக் காரணத்துக்காக யாரும் ரியாக்டைத் தவிர்க்க வேண்டியதில்லை.

பிஎச்பி, லாராவெல் என்றாலே கேவலமாகப் பேசுகிறார்கள். படித்தது வீணா?

வீண் இல்லை. விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருள் பிஎச்பி மொழியில் எழுதியது. வேர்ட்பிரஸ் பிஎச்பி. பழைய பிஎச்பியில் குறைகள் நிஜமாகவே இருந்தன. ஆனால் 2015 கடைசியில் வந்த பிஎச்பி 7 வேகத்திலும் ஒழுங்கிலும் வேறு மொழி மாதிரியே ஆகிவிட்டது. பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெலை டெய்லர் ஆட்வெல் 2011இல் தொடங்கினார். கிட்டத்தட்ட எந்த ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் (பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் வாடகை முறை) பிஎச்பி இருக்கும் என்பது சின்ன ஊர்க் கடைக்காரருக்குத் தளம் செய்து தருபவருக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதைப் பெரிய நகரத்து ஆட்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஃபிரேம்வொர்க்கை நடத்துகிறவர்களே எழுதிய ஒப்பீட்டை நம்பலாமா?

பொதுவாகக் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் படிப்பேன். ஒரு விதிவிலக்கு உண்டு. வியூ 2இன் ஆவணத்தில் மற்ற ஃபிரேம்வொர்க்குகளோடு ஒப்பிடும் ஒரு பக்கம் இருந்தது. ரியாக்ட் பற்றிய பகுதியை ரியாக்ட் குழுவில் இருந்த டான் அப்ரமோவிடமே காட்டி, இரு தரப்புக்கும் திருப்தியாகும்வரை திருத்தியிருக்கிறார்கள். அவருக்கு நன்றியும் அதிலேயே எழுதியிருந்தது. போட்டிக்காரரைப் பற்றி எழுதியதை அவர் கையிலேயே கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் ஆபீஸுக்காக ஒப்பீடு எழுதினாலும் இதைச் செய்யலாம். ரெயில்ஸ் பற்றி எழுதிய பத்தியை ரெயில்ஸில் வேலை செய்யும் ஒருவரிடம் காட்டுங்கள். அரை மணி நேரத்தில் மூன்று பிழை கிடைக்கும்.

தமிழில் உள்ளடக்கம் வைக்கும் தளத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

எதை எடுத்தாலும் ஒரு இடத்தில் இடிக்கும். பக்கத்தின் இணைய முகவரி.

நான் ஒரு சிறு நூலகத்துக்காக ஜாங்கோவில் தளம் கட்டினேன். கதைத் தலைப்பிலிருந்து முகவரியைத் தானாக உருவாக்க ஸ்லக்கிஃபை என்ற செயற்கூறு இருக்கிறது. யூனிகோடை (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறையை) அனுமதிக்கும் விருப்பத்தையும் போட்டேன். "மீன்" என்ற கதை "மன" என்று போய் நின்றது. "மான்" என்ற கதையும் "மன". "மனு" என்பதும் "மன". மூன்று கதைகளும் ஒரே முகவரிக்கு அடித்துக்கொண்டன.

காரணம் இதுதான். யூனிகோடில் நம் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் எழுத்து என்ற வகையில் வராது, சேர்க்கைக் குறி என்ற தனி வகை. ஜாங்கோ எழுதப்பட்ட மொழியான பைத்தானில் "சொல்லுக்குரிய எழுத்து" என்று கேட்டால் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் வரும், குறிகள் கழிந்துவிடும். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இது தெரியவே வராது. தமிழுக்கு உயிரே போய்விடும். ஸ்லக் (முகவரித் துண்டு) புலத்தின் சரிபார்ப்பும் இதே விதியைப் பின்பற்றுவதால், நீங்கள் கையால் "மீன்" என்று சரியாகத் தட்டினாலும் படிவம் ஏற்காது. ரெயில்ஸில் இதே வேலையைச் செய்யும் பாராமிட்டரைஸைக் கேட்டால் இன்னும் சுருக்கம், தமிழ்த் தலைப்புக்கு வெற்றுச் சரம்தான் வரும்.

நான் செய்தது, குறிகளையும் அனுமதிக்கும் ஒரு சின்னச் செயற்கூறை எழுதிக்கொண்டு, ஸ்லக் புலத்துக்குப் பதிலாகச் சாதாரண எழுத்துப் புலத்தைப் பயன்படுத்தியது. இன்னொன்றும் யோசியுங்கள். தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். "தமிழ்" என்ற சொல் மட்டும் 45 எழுத்து நீளும். சிலர் அதனால் எண்ணையே முகவரியாக வைக்கிறார்கள். அதுவும் சரியான முடிவுதான்.

என் சின்னப் பொதியை ஒருவர் பொதுவெளியில் திட்டியிருக்கிறார். என்ன பதில் எழுதுவது?

அன்று ராத்திரி எழுதாதீர்கள். எனக்கும் நடந்தது. மேலே சொன்ன செயற்கூறைத் தனிப் பொதியாக்கி வெளியிட்டிருந்தேன். ஒருவர், இதை நம்பி ஒரு நாள் முழுக்க வீணாயிற்று, எழுதியவருக்குத் தமிழே தெரியாது போலிருக்கிறது என்று எழுதியிருந்தார். முகம் சுட்டது. மறுநாள் காலையில் திரும்பப் படித்தபோதுதான் நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது: "ஸ்ரீ என்று தொடங்கும் தலைப்புகள் இரண்டாகப் பிரிகின்றன."

உண்மை. "ஸ்ரீ"யை இரண்டு விதமாக உள்ளிடலாம். "ஸ"வில் தொடங்கியும் எழுதலாம், யூனிகோடில் பின்னால் சேர்ந்த "ஶ"வில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. வழக்கமான யூனிகோடு சீராக்கம் இதை ஒன்றாக்காது. எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அவருக்கு நான்கு வரி எழுதினேன். நீங்கள் சொன்ன பிரச்சினை உண்மை, காரணம் இது, புது வெர்ஷனில் இரண்டையும் ஒன்றாக்கியிருக்கிறேன், உங்கள் நாள் வீணானதற்கு மன்னியுங்கள். தமிழ் தெரியுமா தெரியாதா என்ற பேச்சுக்கே போகவில்லை. அவர் இரண்டு நாள் கழித்து இன்னொரு பிழையை, இந்த முறை மரியாதையாக, சொன்னார்.

எல்லாத் திட்டுக்கும் பதில் எழுத வேண்டியதில்லை. உள்ளே ஒரு வேலை இருந்தால் வேலையைச் செய்துவிட்டு அதைச் சொல்லுங்கள். ஆளை மட்டும் தாக்கும் பேச்சாக இருந்தால் விட்டுவிடுங்கள். சம்பளமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுபவர்கள் அதையெல்லாம் சுமக்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை.

நான் குறை சொல்ல வேண்டியிருந்தால்?

வெர்ஷன் எண்ணைப் போடுங்கள். பிரச்சினையைக் காட்டும் மிகச் சின்னக் கோடைப் போடுங்கள், இருபது வரிக்குள் இருந்தால் யாராவது அன்றைக்கே ஓட்டிப் பார்ப்பார்கள். எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன. பாதுகாப்பு ஓட்டை என்றால் பொதுவில் எழுதாமல், அதற்கென்று ஃபிரேம்வொர்க் தரும் தனி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், ஜாங்கோவும் ரெயில்ஸும் அப்படி ஒரு வழி வைத்திருக்கின்றன.

ஆபீஸில் ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

இரண்டை மட்டும் எடுங்கள், ஐந்து வேண்டாம். உங்கள் செயலியிலேயே மிகத் தொல்லையான ஒரு திரையை, உள்நுழைவுப் பக்கம் மாதிரி எளிதானதை இல்லை, ஆளுக்கு ஒன்றாக இரண்டிலும் கட்டுங்கள். ஆளுக்கு இரண்டு நாள் போதும். கட்டி முடித்ததும் ஆட்களை மாற்றி, ஒருவர் எழுதியதில் இன்னொருவர் ஒரு புலத்தைச் சேர்க்கட்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் கட்ட ஆன நேரத்தைவிட இந்த நேரம்தான் மூன்று வருடத்துக்கு உங்களோடு வரும்.

ஐந்தாம் நாள் வெளியீட்டுக் குறிப்புகளைப் படியுங்கள். ஜாங்கோ எட்டு மாதத்துக்கு ஒரு வெர்ஷன் விடுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீண்ட ஆதரவு வெர்ஷன் வரும், அதற்கு மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது. இன்னொன்றுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அப்புறம் அதிகம் பேர் புகார் சொன்ன மூன்று முறையீடுகளைத் திறந்து, கடைசிப் பதில் யாருடையது, எப்போது வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு கூட்டத்துக்குப் போங்கள்.